சிலுவையைத் திரிசூலம் என்று சொல்லும் மக்கள்

ரோமா இனத்துக் குழந்தைகளுக்கு மதத்தின் பெயரால் நடந்த கொடுமையும் நன்மையும்

ஐரோப்பா கண்டத்தில் ஓர் இனத்தார் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் செய்விக்கிறார்கள். மாதா கோவிலுக்குப் போகிறார்கள். சிலுவையைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள்.

அந்தச் சிலுவைக்கு அவர்கள் மொழியில் என்ன பெயர் தெரியுமா?

"த்ருஷுல்!"

ஆம். சிவபெருமான் கையில் இருக்கிறதே திரிசூலம், அதே சொல்தான்!

கோவிலில் பூசை செய்யும் பாதிரியாருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "ராஷாய்". இது "ரிஷி" என்ற சொல்லில் இருந்து வந்தது. மனிதனை "மனுஷ்" என்கிறார்கள். தண்ணீருக்குப் "பானி". மூக்குக்கு "நாக்". காதுக்குக் "கான்". இந்தி தெரிந்தவர்கள் கேட்டால் வியந்து போவார்கள்.

இவர்கள்தான் ரோமா இனத்தார். இங்கிலாந்து மக்கள் இவர்களை "ஜிப்சி" என்று அழைத்தார்கள்.

இந்த மக்களின் குழந்தைகளைத் "திருத்துகிறோம்", "காப்பாற்றுகிறோம்" என்று சொல்லிக்கொண்டு பல நூறு ஆண்டுகளாகப் பலர் வந்தார்கள். ராணி வந்தாள். அதிகாரிகள் வந்தார்கள். பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் வந்தார்கள். சிலர் குழந்தைகளைத் தாயின் மடியில் இருந்து பறித்தார்கள். சிலர் குழந்தை இருந்த இடத்துக்கே போய், மண் தரையில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இரண்டு கதைகளையும் பார்ப்போம்.

இந்தியாவில் இருந்து போனவர்கள்

ரோமா மக்களின் முன்னோர்கள் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவில் இருந்து புறப்பட்டவர்கள். பாரசீகம், ஆர்மீனியா, கிரேக்க தேசம் வழியாக மெல்ல மெல்ல மேற்கே போனார்கள். போன வழியில் எல்லாம் சில சொற்களைப் பொறுக்கிக்கொண்டார்கள். அவர்கள் எண்ணுவதைக் கேட்டாலே இது விளங்கும். இரண்டு, மூன்று, ஐந்து, பத்து எல்லாம் இந்தியச் சொற்கள். ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் கிரேக்கச் சொற்கள்!

ஐரோப்பிய மக்களுக்கு இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை. எகிப்து தேசத்தார் என்று நினைத்தார்கள். "எகிப்து" என்ற பெயரே திரிந்து "ஜிப்சி" ஆயிற்று. ரோமா என்ற பெயருக்கும் ரோமாபுரி நகரத்துக்கும் சம்பந்தம் இல்லை. இன்று பல ரோமா மக்கள் "ஜிப்சி" என்ற சொல்லை இழிவாகக் கருதுகிறார்கள்.

1782-ம் ஆண்டில் ரூடிகர் என்ற ஜெர்மானிய அறிஞர் இவர்கள் பேச்சை ஆராய்ந்தார். ஒரு ரோமாப் பெண்ணிடம் சில வாக்கியங்களைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அவற்றை இந்துஸ்தானி மொழியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "இவர்கள் இந்தியாவில் இருந்து வந்தவர்கள்" என்று எழுதினார். அன்று விளங்கிய உண்மையை மொழி அறிஞர்கள் இன்றும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இன்று ஐரோப்பாவில் சுமார் 1 கோடி முதல் 1 கோடியே 20 லட்சம் ரோமா மக்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களுக்கு என்று தனி நாடு கிடையாது. ஆனால் கொடி உண்டு. 1971-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி, லண்டன் நகரின் அருகே ரோமா மக்களின் முதல் உலக மாநாடு கூடியது. மேலே வானத்தின் நீலம், கீழே பூமியின் பச்சை, நடுவே சிவப்புச் சக்கரம். இந்தக் கொடியை மாநாடு ஏற்றுக்கொண்டது. சக்கரம் அவர்களுடைய பயண வண்டியையும் நினைவூட்டும், இந்தியாவையும் நினைவூட்டும்.

மடத்துக்குச் சொந்தமான அடிமைகள்

ஐரோப்பாவுக்குப் போன இந்த மக்களுக்கு அங்கே நல்ல வரவேற்புக் கிடைக்கவில்லை. சில நாடுகள் அவர்களை எல்லைக்கு வெளியே விரட்டின. சில நாடுகள் சவுக்கால் அடித்தன. இன்றைய ருமேனியா நாட்டுப் பகுதியிலோ அவர்களை அடிமைகள் ஆக்கினார்கள்!

1385-ம் ஆண்டுப் பட்டயம் ஒன்று இருக்கிறது. வலாக்கியா நாட்டு மன்னர் டான் எழுதிக் கொடுத்தது. திஸ்மனா என்ற ஊரில் உள்ள கிறிஸ்தவ மடத்துக்கு உரிய சொத்துக்களை அதில் வரிசையாகச் சொல்லி இருக்கிறார். அந்தச் சொத்துக்களில் ஒன்று, 40 ரோமாக் குடும்பங்கள்!

அரசன், பிரபு, மடம் ஆகிய மூவருக்கும் அடிமைகள் இருந்தார்கள். அடிமைக்குப் பிறந்த குழந்தையும் அடிமைதான். குழந்தையைத் தாயிடம் இருந்து பிரித்து விற்பதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அன்று "எல்லோரும் ஆண்டவரின் பிள்ளைகள்" என்று பிரசங்கம் நடந்த அதே மடத்தில், திங்கட்கிழமை காலையில் அடிமைகள் வயலில் வேலை செய்தார்கள்.

இது ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு நடந்த கொடுமை அல்ல. சுமார் 500 ஆண்டுகள்! 1847-ம் ஆண்டில்தான் வலாக்கியாவில் மடங்களின் அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தது. 1856-ம் ஆண்டில் மிச்சம் இருந்தவர்களும் விடுதலை பெற்றார்கள்.

பிள்ளைகளைப் பிரித்த ராணி

அடுத்தது ஆஸ்திரியா, ஹங்கேரி நாடுகளை ஆண்ட மரியா தெரசா ராணியின் கதை. 18-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். பக்தி மிகுந்தவர். 16 குழந்தைகளைப் பெற்ற தாய்.

இந்த ராணி ரோமா மக்களை நல்ல குடியானவர்களாக ஆக்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். கூடாரத்தில் வசிக்கக்கூடாது. குதிரை வியாபாரம் செய்யக்கூடாது. "ஜிப்சி" என்று சொல்லக்கூடாது. "புதிய குடியானவர்" என்றுதான் சொல்ல வேண்டும். இப்படிப் பல கட்டளைகள் பிறந்தன.

கடைசியில் ஒரு கட்டளை வந்தது. ரோமாக் குழந்தைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்து, கிறிஸ்தவக் குடியானவர் வீடுகளில் வளர்க்க வேண்டும்!

வண்டிகள் வந்தன. குழந்தைகள் ஏற்றப்பட்டார்கள். தாய்மார்கள் கதறினார்கள்.

பலன் என்ன? பல குழந்தைகள் தப்பி ஓடி, தாய் தந்தையைத் தேடிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ராணிக்குப் பின் பட்டத்துக்கு வந்த மகன் ஜோசப், ரோமா மொழியையே பேசக்கூடாது என்று தடை போட்டார். அந்தத் தடையும் தோற்றது. அந்த நாடுகளில் ரோமா மொழி இன்றும் வாழ்கிறது.

நார்வேயில் 1,500 குழந்தைகள்

"அது ராஜா காலத்துக் கதை" என்று வாசகர்கள் நினைக்கலாம். இருபதாம் நூற்றாண்டிலும் இது நடந்தது. நடந்த இடம் நார்வே. நல்ல பெயர் எடுத்த நாடு!

அங்கே ரோமா இனத்தின் ஒரு கிளையார் பல தலைமுறைகளாக ஊர் ஊராகப் போய்ப் பிழைத்து வந்தார்கள். 1897-ம் ஆண்டில் யாக்கோப் வால்னும் என்ற பாதிரியார் அவர்களுக்காக ஒரு சங்கம் ஏற்படுத்தினார். பிற்காலத்தில் அது "வீடற்றோர் நடுவே நார்வே மிஷன்" என்று பெயர் பெற்றது. அரசாங்கம் அதற்குப் பணமும் அதிகாரமும் கொடுத்தது.

சங்கத்தின் நோக்கம், அலையும் மக்களை ஓரிடத்தில் நிறுத்துவது. அதற்குக் கண்ட வழி, பிள்ளைகளைப் பிரிப்பது! பிள்ளைகளை விடுதிகளிலும் வேறு வீடுகளிலும் விட்டார்கள். தங்கள் மொழியையும் உறவினரையும் அவர்கள் மறக்க வேண்டும் என்று விரும்பினார்கள். குடும்பங்களை ஸ்வான்விகன் என்ற வேலைக் குடியிருப்பில் வைத்து "நல்ல பழக்கம்" கற்பித்தார்கள். பெண்கள் பலருக்குக் கருத்தடை ஆபரேஷனும் நடந்தது.

இப்படிப் பிரிக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 1,500 பேர்.

அவர்களில் பலர் வளர்ந்து பெரியவர்கள் ஆன பிறகு பெற்ற தாயைத் தேடினார்கள். சிலருக்குத் தாய் கிடைத்தாள். சிலருக்குச் சமாதிதான் கிடைத்தது. சொந்தப் பெயரே மாறிப்போன பிள்ளைகளும் உண்டு.

1986-ம் ஆண்டோடு சங்கத்தின் கையில் இருந்த இந்தப் பொறுப்பு முடிவுக்கு வந்தது. 1998-ம் ஆண்டில் நார்வே அரசாங்கம் அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. நார்வேயின் திருச்சபையும் மன்னிப்புக் கேட்டது.

பஸ்ஸில் ஏறிய 39 குழந்தைகள்

எல்லாவற்றிலும் கொடியது ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியில் நடந்தது.

நாஜிகள் யூதர்களை மட்டும் அல்ல, ரோமா மக்களையும் அழிக்கத் திட்டம் போட்டார்கள். ஜெர்மனியில் உள்ள ரோமா இனத்தாருக்குச் "சிந்தி" என்று பெயர். பெற்றோர்களைப் பிடித்துச் சிறை முகாம்களுக்கு அனுப்பினார்கள். அநாதைகளாக நின்ற குழந்தைகளில் பலரை மூல்ஃபிங்கன் என்ற கிராமத்தில் ஒன்று சேர்த்தார்கள். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய கத்தோலிக்கக் குழந்தைகள் இல்லம் ஒன்று இருந்தது.

அந்த இல்லத்துக்கு ஏவா யுஸ்டின் என்ற பெண் வந்தாள். இன ஆராய்ச்சிக்காரி. குழந்தைகளின் தலையை அளந்தாள். கண் நிறத்தையும் முடி நிறத்தையும் குறித்துக்கொண்டாள். விளையாட்டுக் காட்டினாள். போட்டோவும் சினிமாப் படமும் எடுத்தாள். "ரோமாக் குழந்தைகளை எவ்வளவு நன்றாக வளர்த்தாலும் திருந்த மாட்டார்கள்" என்று எழுதி டாக்டர் பட்டமும் வாங்கினாள்!

அவள் ஆராய்ச்சி முடியும் வரையில் குழந்தைகள் இல்லத்தில் பத்திரமாக இருந்தார்கள். ஆராய்ச்சி முடிந்தது. பிறகு அவர்கள் யாருக்கும் தேவைப்படவில்லை.

1944-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி. இல்லத்தின் வாசலில் பஸ் வந்து நின்றது. உல்லாசப் பயணம் போகிறோம் என்று குழந்தைகள் மகிழ்ந்தார்கள். ஒரு சிறுமி தானும் போக வேண்டும் என்று ஓடி வந்தாள். கன்னியாஸ்திரி ஒருவர் அவளைத் தடுத்துப் பஸ்ஸில் ஏறவிடாமல் செய்துவிட்டார். அதனால் அந்தச் சிறுமி பிழைத்தாள்.

பஸ்ஸில் ஏறியவர்கள் 39 பேர். போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ் கொலை முகாம். உயிரோடு திரும்பியவர்கள் 4 பேர்.

1944-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி இரவு, அந்த முகாமில் மிச்சம் இருந்த ரோமா மக்களை நாஜிகள் விஷ வாயு அறைக்கு அனுப்பினார்கள். அவர்களில் குழந்தைகளும் முதியோர்களும் ஏராளம். ஆகஸ்டு 2-ந் தேதியை ஐரோப்பா இன்று துக்க நாளாக நினைவுகூர்கிறது.

மூல்ஃபிங்கன் இல்லத்தில் சோறு கிடைத்தது. படுக்கை கிடைத்தது. ஜெபமும் நடந்தது. ஆனால் அதிகாரிகள் வந்து கேட்டபோது, "இந்தக் குழந்தைகளைத் தர மாட்டோம்" என்று சொல்லத் தாயும் தந்தையும் பக்கத்தில் இல்லை.

இதே கிறிஸ்தவ மதத்தின் பெயரால் வேறு விதமாக வேலை செய்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்க்க, காலத்தில் சுமார் 55 ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். ஜெர்மனியை விட்டு ஸ்பெயின் நாட்டுக்கும் போக வேண்டும்.

குகைக்குள் கேட்ட ஜெபம்

ஸ்பெயினின் தென் பகுதியில் கிரனாடா என்று ஒரு நகரம். அதை ஒட்டி சாக்ரமோன்டே என்ற மலை. மலைச் சரிவைக் குடைந்து குகைகளில் மக்கள் வசித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரோமா இனத்தார். கூடை முடைவதும், இரும்பு அடிப்பதும், ஆடிப் பாடுவதும் அவர்கள் தொழில். பள்ளிக்கூடத்தின் வாசலை அவர்கள் பிள்ளைகள் மிதித்தது இல்லை.

மலை உச்சியில் ஒரு மடம் இருந்தது. அந்த மடத்துப் பாதிரியார்களில் ஒருவர் ஆந்திரேஸ் மன்ஹோன். ஏழைக் குடியானவர் வீட்டில் 1846-ம் ஆண்டில் பிறந்தவர். கிரனாடா சர்வகலாசாலையில் சட்டப் பேராசிரியராகவும் இருந்தார். தினந்தோறும் கழுதை மேல் ஏறி மலையில் இருந்து நகரத்துக்கு இறங்குவார், மாலையில் திரும்புவார். பேராசிரியர் கழுதையில் போவதைப் பார்த்து ஊரார் சிரிப்பது உண்டு. அவர் கவலைப்படவில்லை.

ஒருநாள் அப்படிப் போகும்போது ஒரு குகைக்குள் இருந்து குழந்தைகளின் குரல் கேட்டது. மாதா ஜெபத்தைச் சேர்ந்து சொல்லிக்கொண்டு இருந்தார்கள். கழுதையை நிறுத்தினார். குகைக்குள் எட்டிப் பார்த்தார்.

உள்ளே ஓர் ஏழைப் பெண். அவளைச் சுற்றிச் சில சிறுமிகள். ரோமாச் சிறுமிகளும் அவர்களில் இருந்தார்கள். அந்தப் பெண்ணிடம் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் எதுவும் கிடையாது. தனக்குத் தெரிந்த ஜெபத்தையும் எழுத்தையும் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்தாள்.

பேராசிரியர் யோசித்தார். "ஒன்றும் இல்லாத இந்தப் பெண்ணே இதைச் செய்கிறாள். எல்லாம் படித்த நான் என்ன செய்கிறேன்?"

முதலில் அவளுக்குப் பண உதவி செய்தார். பிறகு குகைகளுக்குக் கீழே தோட்டத்தோடு கூடிய ஒரு வீட்டை விலைக்கு வாங்கினார். 1889-ம் ஆண்டில் அங்கே பள்ளிக்கூடம் தொடங்கியது. குகையில் கேட்ட ஜெபத்தின் பெயரையே பள்ளிக்கும் வைத்தார். "ஆவே மரியா பள்ளி!"

பாண்டி ஆட்டத்தில் சரித்திரப் பாடம்

அது அதிசயப் பள்ளிக்கூடம். வகுப்புகள் பெரும்பாலும் மரத்தடியில் நடந்தன. குகையிலும் திறந்த வெளியிலும் வளர்ந்த பிள்ளைகள் நான்கு சுவருக்குள் உட்கார மாட்டார்கள் என்று மன்ஹோன் கண்டுகொண்டார். ஆகவே பாடத்தை விளையாட்டு ஆக்கினார்!

நம் ஊர்ச் சிறுமிகள் தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுகிறார்கள் அல்லவா? அதே போன்ற ஆட்டம் ஸ்பெயினிலும் உண்டு. மன்ஹோன் அந்தக் கட்டங்களில் சரித்திரத்தை எழுதி வைத்தார். குழந்தை ஒரு கட்டத்தில் இருந்து அடுத்த கட்டத்துக்குத் தாண்டும். தாண்டும்போது அந்தக் காலத்தில் நடந்ததைச் சொல்லும். தோட்டத்துத் தரையில் மலையும் நதியுமாக ஸ்பெயின் தேசப் படம் செய்து வைத்தார். பிள்ளைகள் ஒரு மாகாணத்தில் இருந்து மறு மாகாணத்துக்கு ஓடிப் பூகோளம் படித்தார்கள்.

சம்பளம் கிடையாது. பசித்த பிள்ளைக்கு உணவு உண்டு. கிழிந்த உடை உடுத்தி வந்தால் மாற்று உடை உண்டு.

மன்ஹோனிடம் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்துப் பெரியவர்களைப் போலவே அவரும் ரோமா மக்களைத் "திருத்த வேண்டியவர்கள்" என்றே நினைத்தார். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. அவர் பள்ளியைக் குகைக்குப் பக்கத்தில் கட்டினார். காலையில் வந்த குழந்தை மாலையில் தாயிடம் போயிற்று.

மன்ஹோன் 1923-ம் ஆண்டில் காலமானார். ஆவே மரியா பள்ளிகள் கிரனாடாவில் இன்றும் நடைபெறுகின்றன.

நீண்ட சொல்லைத் தாண்டிய வாலிபன்

இனி இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே ஒரு ரோமாச் சிறுவனே பிரசங்கியாக உயர்ந்த கதை இருக்கிறது.

1860-ம் ஆண்டில், லண்டன் நகரை அடுத்த எப்பிங் காட்டில், ஒரு கூடாரத்தில் பிறந்தவன் ராட்னி ஸ்மித். சிறுவனாக இருக்கும்போதே தாய் அம்மை நோயில் இறந்துபோனாள். மற்றவர்களுக்கு நோய் தொற்றாமல் இருக்க அவளை இரவு நேரத்தில் அடக்கம் செய்தார்கள்.

தந்தை கொர்னேலியஸ் பிடில் வாசிப்பவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஒருமுறை ஜெயிலுக்குப் போனபோது அங்கே ஒரு பாதிரியாரின் பிரசங்கத்தைக் கேட்டார். அது அவர் மனத்தில் தங்கியது. சில ஆண்டுகள் கழித்து அவரும் அவருடைய சகோதரர் இருவரும் மனம் மாறி, ஊர் ஊராகப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார்கள்.

ராட்னி பள்ளிக்கூடம் போனது இல்லை. துணி காயப்போடும் மரக் கிளிப்புகளையும் தகரச் சாமான்களையும் வீடு வீடாக விற்றான். ஆனால் அவனுக்கும் பிரசங்கி ஆக ஆசை. ஒரு பைபிளும் இரண்டு அகராதிகளும் வாங்கினான். எந்நேரமும் அவற்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே திரிந்தான். யாரைப் பார்த்தாலும் ஓர் எழுத்து, ஒரு சொல் கேட்டுத் தெரிந்துகொள்வான். யாரும் இல்லாத வயலில் நின்று டர்னிப் செடிகளுக்குப் பிரசங்கம் செய்து பழகினான். "என் கூட்டத்தில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை" என்று பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொன்னார்.

1877-ம் ஆண்டில் வில்லியம் பூத் என்பவர் ராட்னியைத் தன் ஊழியத்தில் சேர்த்துக்கொண்டார். பூத் நடத்திய அந்தச் சபைதான் அடுத்த ஆண்டில் "ரட்சணிய சேனை" என்று பெயர் பெற்றது. அப்போது ராட்னிக்கு வயது 17. படிப்போ அரைகுறை.

கூட்டத்தில் பைபிளைப் படிக்க வேண்டுமே! நீண்ட சொல் வந்தால் நாக்குப் புரளாதே! ராட்னி ஒரு தந்திரம் செய்தான். தூரத்தில் நீண்ட சொல் வருவதைக் கண்டதும் படிப்பதை நிறுத்திவிடுவான். புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கி ஜனங்களைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசுவான். பேசி முடித்ததும் அந்த நீண்ட சொல்லுக்கு அடுத்த சொல்லில் இருந்து மறுபடியும் படிப்பான்!

புதிதாக எழுத்துப் படித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். ராட்னி அதற்காக வெட்கப்படவில்லை. படிப்பதை விட்டுவிடவும் இல்லை. இரவும் பகலும் படித்தான்.

"ஜிப்சி ஸ்மித்" என்ற பெயர் உலகம் எங்கும் பரவியது. அமெரிக்காவுக்குப் பல தடவை போய்ப் பிரசங்கம் செய்தார். தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். "நான் கூடாரத்தில் பிறந்தவன்" என்று மேடையில் பெருமையோடு சொல்வார். 1947-ம் ஆண்டில், 87-வது வயதில், அமெரிக்காவுக்குப் போகும் வழியில் கப்பலிலேயே உயிர் நீத்தார்.

எழுதத் தெரியாத ஆசிரியர்

எழுத்தே தெரியாமல் குழந்தைகளுக்கு நல்லது சொன்ன ரோமாப் பெரியவரும் உண்டு. ஸ்பெயின் நாட்டில் பர்பாஸ்ட்ரோ என்ற ஊரில் வாழ்ந்த செஃபெரினோ. 1861-ம் ஆண்டில் பிறந்தவர். கோவேறு கழுதை வியாபாரி. ஊரார் "எல் பெலே" என்று செல்லமாக அழைத்தார்கள். வியாபாரத்தில் நாணயம் தவறாதவர்.

இவருக்குக் குழந்தை இல்லை. மனைவியின் உறவுக்காரப் பெண் ஒருத்தியை எடுத்து வளர்த்தார். ஊர்க் குழந்தைகளைக் கூட்டி வைத்துப் பைபிள் கதை சொல்வார். ஜெபம் கற்பிப்பார். ரோமாக் குழந்தையும் மற்றக் குழந்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்.

1936-ம் ஆண்டில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஓர் இளம் பாதிரியாரைத் துப்பாக்கி ஏந்தியவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். எல் பெலே குறுக்கே நின்று தடுத்தார். அவரையும் பிடித்தார்கள். அவர் பையில் ஜெபமாலை இருந்தது. "அதை விட்டுவிடு, உயிர் பிழைப்பாய்" என்று நண்பர்கள் கெஞ்சினார்கள். அவர் விடவில்லை. சுட்டுக் கொன்றார்கள்.

1997-ம் ஆண்டு மே 4-ந் தேதி, போப் ஆண்டவர் இரண்டாம் ஜான் பால் இவருக்கு "முத்தி பெற்றவர்" என்ற பட்டம் வழங்கினார். ரோமா இனத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் மனிதர் இவரே!

அவர்கள் மொழியிலேயே பூசை

ஹங்கேரி நாட்டில் ஹோடாஸ் என்று ஒரு கிராமம். 1941-ம் ஆண்டில் அங்கே மிக்லோஷ் ஷோயா என்ற பாதிரியார் வந்தார். ஊருக்கு வெளியே ரோமா மக்களின் குடிசைகள் இருந்தன. பாதிரியார் அங்கே போனார். முதலில் அவர் பேசியது அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஆகவே அவர்கள் மொழியை அவர் படித்தார்!

பூசை ஜெபங்களை ரோமா மொழியில் மொழிபெயர்த்தார். மரியா தெரசாவின் மகன் தடை போட்ட அதே மொழியில், அதே நாட்டில், ஆண்டவருக்குப் பூசை நடந்தது. குழந்தைகள் வீட்டில் பேசும் சொற்களைக் கோவிலிலும் கேட்டார்கள்.

பிரான்ஸ் நாட்டில் கிளெமான் லெ கொசெக் என்ற பிராட்டஸ்டண்டு போதகர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1950-ம் ஆண்டுகளில் அவர் ரோமா மக்கள் நடுவே ஊழியம் தொடங்கினார். வெளியூர்ப் போதகரை அனுப்பிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை என்று கண்டார். ரோமா வாலிபர்களையே போதகர்களாக ஆக்கினார். பைபிளைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே பலர் எழுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

ஸ்பெயினில் இருந்து பிரான்சுக்குத் திராட்சை பறிக்கப் போன ரோமாக் கூலிகள் இந்தச் சபைகளைக் கண்டார்கள். ஊர் திரும்பித் தாங்களும் சபைகள் ஏற்படுத்தினார்கள். அந்தச் சபைகளை நடத்துபவர்கள் ரோமா மக்களே.

இன்றைய நிலை என்ன?

துயரம் தீர்ந்துவிட்டதா? இல்லை.

செக் நாட்டில் ஆஸ்திராவா என்ற நகரம் இருக்கிறது. அங்கே ரோமாக் குழந்தைகளை மந்த புத்தி உள்ளவர்களுக்கான தனிப் பள்ளிகளில் சேர்த்து வந்தார்கள். மற்றக் குழந்தையை விட ரோமாக் குழந்தை இந்தப் பள்ளியில் தள்ளப்படும் வாய்ப்பு 27 மடங்கு அதிகம் என்று புள்ளி விவரங்கள் காட்டின!

18 குழந்தைகளின் சார்பில் வழக்கு நடந்தது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு வரையில் போயிற்று. "இது பாரபட்சம்" என்று 2007-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி அந்தக் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. தீர்ப்பு வந்த பிறகும் ரோமாக் குழந்தைகளைத் தனியே ஒதுக்கும் வழக்கம் பல நாடுகளில் முற்றிலும் ஒழியவில்லை.

பக்கத்து நாடான ஸ்லோவாக்கியாவில் கோஷிட்சே நகரத்தின் ஓரத்தில் "லூனிக் ஒன்பது" என்ற அடுக்கு மாடிக் குடியிருப்பு இருக்கிறது. ஆயிரக்கணக்கான ரோமா மக்கள் அங்கே நெருக்கமாக வசிக்கிறார்கள். வேலை இல்லை. வறுமை அதிகம். 2008-ம் ஆண்டு முதல் சலேசிய சபைப் பாதிரியார்கள் அந்தக் குடியிருப்பிலேயே தங்கி வேலை செய்கிறார்கள். குழந்தைகளுக்குப் பாடம், விளையாட்டு, பாட்டு எல்லாம் அங்கேயே நடக்கின்றன.

2021-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி அன்றைய போப் ஆண்டவர் பிரான்சிஸ் அங்கே சென்றார். குடியிருப்பின் ஜன்னல்களில் எல்லாம் முகங்கள்! கீழே குழந்தைகளின் ஆட்டமும் பாட்டும்!

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2019-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி, ருமேனியாவில் ப்ளாஜ் என்ற ஊரில் அவர் ரோமா மக்களைச் சந்தித்தார். திருச்சபையின் பெயரால் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். மடங்கள் ரோமாக் குடும்பங்களைச் சொத்தாக வைத்திருந்த அதே நாட்டில் இந்த வார்த்தை ஒலித்தது.

மன்னிப்புக் கேட்டது பெரிய காரியம். ஆனால் தாயைத் தேடி அலைந்து சமாதியைக் கண்ட நார்வேப் பிள்ளைக்கு அது தாயைக் கொண்டு வந்து தராது. மூல்ஃபிங்கன் பஸ்ஸில் ஏறிய 35 குழந்தைகளையும் திருப்பித் தராது.

ரோமா மக்கள் கேட்பது அதிகம் இல்லை. எங்கள் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். மாலையில் மணி அடித்ததும் வீட்டுக்கு வர வேண்டும். வந்து, அன்று படித்ததைத் தாயிடம் தாய்மொழியிலேயே சொல்ல வேண்டும். இவ்வளவுதான்!